தீயைத் தாள்பெட்டியில் அடைத்தவர்: சிவகாசி அய்ய நாடார்

தீயை வியந்து பாடிய மொழிகளுள் தமிழ் முதன்மையானது. அதியமானின் அடங்கிய ஆற்றலைச் சொல்ல வந்த ஔவையார், வீட்டின் இறப்பில் செருகி வைத்த ஞெலிகோலை உவமையாகக் கொண்டார். வெறுங்கோலாகக் கிடக்கும்போது அது மரத்துண்டு; கடைந்தால் அதுவே தீ. பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆயனும் ஞெலிகோலால் தீயை உண்டாக்கி, அந்தத் தீயால் மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்துகொள்கின்றான். தீயிலிருந்து இசை பிறந்த கதை அது. நம் கடற்கரைக்கும் இவ்வரிசையில் இடமுண்டு. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், எயிற்பட்டினத்துப் பரதவர் குடிப்பெண் அலை கொணர்ந்து ஒதுக்கிய நறுமண மரத்தை விறகாக்கித் தீ மூட்டித் தேறல் வடிக்கின்றாள். கரையில் கிடந்த அம்மரங்கள் உறங்கும் ஒட்டகங்களைப் போலத் தோன்றினவாம். அந்த எயிற்பட்டினம் நம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலர் கருத்து.

விறகைச் சொன்ன புலவர், அத்தீ எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லவில்லை. நாள்தோறும் தீயை உண்டாக்குதல் எத்துணைப் பெரிய உழைப்பாக இருந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். ஞெலிகோலைக் கடைய வேண்டும். அல்லது சக்கிமுக்கிக் கல்லைத் தட்டிப் பஞ்சில் பொறியேற்ற வேண்டும். இரண்டும் இயலாதபோது கொட்டாங்கச்சியை ஏந்தி அண்டை வீட்டு அடுப்பங்கரையில் நெருப்புக் கேட்டு நிற்க வேண்டும். இந்நிலையைத் தென்னாட்டில் மாற்றியவர்களுள் ஒருவர் கவிஞரும் அல்லர், அரசரும் அல்லர். சிவகாசியில் பிறந்த ஒரு வணிகர். அவர் பெயர் பி. அய்ய நாடார். கவிஞர்கள் கூடிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் தீப்பெட்டி செய்தவருக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். உப்பு விளையும் ஊரில் இருந்துகொண்டு அவ்வாறு கேட்பது பொருந்தாது என்பதே என் விடை. உப்பும் தீக்குச்சியும் ஒரே வெயிலின் பிள்ளைகள். இரண்டும் ஏழையின் வீட்டிலும் இல்லாமல் தீராத சிறு பொருள்கள். இரண்டின் மேலும் அரசின் வரி விழுந்தது. வேதியியல் வழியாகவும் உறவுண்டு: உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிப் பெறும் சோடியம் குளோரேட்டிலிருந்தே தீக்குச்சி முனையின் உயிர்ப்பொருளான பொட்டாசியம் குளோரேட்டைச் செய்கின்றனர்.

அய்ய நாடாரின் வாழ்வைப் புரிந்துகொள்ளத் தீக்குச்சியின் முன்வரலாறு சிறிது வேண்டும். உரசினால் பற்றும் குச்சியை இங்கிலாந்தின் மருந்து வணிகர் ஜான் வாக்கர் 1826-ஆம் ஆண்டளவில் கண்டார். அடுத்த ஆண்டில் விற்பனைக்கு வைத்தார். பின்னர் வந்த குச்சிகளில் வெண்பாஸ்பரஸ் சேர்ந்தது. அவை எங்கே உரசினாலும் பற்றின. சட்டைப்பையில் உராய்ந்தும் பற்றின. அவற்றைச் செய்த தொழிலாளரின் தாடை எலும்பையே அந்த நஞ்சு அரித்தது. 1888-இல் லண்டனில் தீக்குச்சித் தொழிற்சாலைப் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தம் உலகறிந்தது.

இத்தகைய குச்சியை உடன் கொண்டுசெல்ல உலோகப் பேழை தேவைப்பட்டது. செல்வர்கள் அதையும் அணிகலனாக்கினர். உருசிய நாட்டு வெள்ளிச் சிகரெட் பேழைகளில் இதன் உச்சத்தைக் காணலாம். பீட்டர்ஸ்பர்க் பொற்கொல்லர் கார்ல் ஃபாபர்ஷேயின் பட்டறையில் உருவான பேழைகள் பலவற்றில் சிகரெட்டுக்கு ஓர் அறை, தீக்குச்சிக்கு ஒரு சிற்றறை, கனன்றுகொண்டே இருக்கும் பஞ்சுத் திரிக்கு ஒரு துளை என மூன்றும் அமைந்திருந்தன; குச்சியை உரசுவதற்கென விளிம்பில் சொரசொரப்பான பகுதியும் உண்டு. தீயை மடியில் கொண்டு திரிவதற்கே வெள்ளி வேண்டியிருந்த காலம் அது.

அந்த வெள்ளியைத் தேவையற்றதாக்கியது சுவீடன் நாட்டார் கண்ட பாதுகாப்புத் தீக்குச்சி. 1844-இல் குஸ்தாவ் எரிக் பாஷ் என்பார் பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து பிரித்துப் பெட்டியின் பக்கவாட்டில் பூசினார். அதுவும் நஞ்சற்ற செம்பாஸ்பரஸ். குச்சி தனியே இருந்தால் எரியாது. பெட்டி தனியே இருந்தாலும் எரியாது. இரண்டும் சேர்ந்து உரசினால்தான் தீ. எனவே மெல்லிய மரச்சில்லும் தாளும் கொண்ட பெட்டியே போதுமானதாயிற்று. செல்வரின் வெள்ளிப் பேழை செய்த வேலையை ஏழையின் தாள்பெட்டி செய்யத் தொடங்கியது. இந்தியாவில் வெண்பாஸ்பரஸ் தீக்குச்சிகளை 1913-இல் சட்டம் தடை செய்தது.

ஆயினும் பெட்டிகள் கடல் கடந்தே வந்தன, முதலில் சுவீடனிலிருந்து, முதல் உலகப் போர்க்காலத்தில் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து. உள்நாட்டில் செய்து பார்த்தவர்கள் தோற்றனர். இளமையில் தாம் சேர்ந்திருந்த நாட்டுப்பற்றுக் கழகம் தீக்குச்சி செய்த கதையைத் தாகூர் தம் நினைவுக் குறிப்பில் நகைச்சுவையோடு எழுதியிருக்கின்றார். ஒரு பெட்டிக்கான செலவில் ஒரு குடும்பத்தின் அடுப்பு ஓராண்டு எரிந்திருக்கும் என்பதும், பக்கத்தில் வேறு தீ இருந்தால்தான் அக்குச்சி எரிந்தது என்பதும் அவர் தரும் செய்திகள். கரிசல் மண்ணிலும் ஒரு தோல்விக் கதை உண்டு. பாரதியாரின் தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பஞ்சு அரைக்கும் ஆலை வைத்துப் பொருளிழந்து மனமுடைந்து 1898-இல் மறைந்தார். இயந்திரத் தொழிலில் இறங்கிய இந்தியனுக்கு அன்று வெளிநாட்டு முதலாளியின் போட்டியும் அரசின் பாராமுகமும் ஒருங்கே காத்திருந்தன. அய்ய நாடார் இறங்கியது இத்தகைய களத்தில்தான்.

அவர் 1905-இல் பிறந்தார். விருதுநகரில் காமராசர் பிறந்து ஈராண்டுகள் ஆகியிருந்தன. சிவகாசி மழை குறைந்த கரிசல் நிலம். வானம் பார்த்த வேளாண்மை. வெயிலோ ஆண்டு முழுதும். அவர் பிறப்பதற்கு ஆறாண்டுகள் முன்பு, 1899-இல், ஊர் கொள்ளையிடப்பட்டு எரிந்த சிவகாசிக் கலவரம் நடந்திருந்தது. கோவில் நுழைவு உரிமையை ஒட்டி மூண்ட சாதிப்பகையின் கொடிய முகம் அது. அழிக்கும் தீயைக் கண்ட ஊர், அடுத்த தலைமுறையில் அடுப்பு மூட்டும் தீயைத் தொழிலாக ஏற்றது என்பது வரலாற்றின் விந்தை. தாக்குண்ட நாடார் சமூகம் தன்னை உறவின்முறை என்னும் அமைப்பால் கட்டிக்கொண்டது. வணிகத்தில் ஒவ்வொருவரும் ஒதுக்கிய மகமைப் பணம் பள்ளிகளாகவும் கிணறுகளாகவும் மாறியது. வெளியே கதவு அடைபட்டால் உள்ளே ஒரு கதவைத் திறந்துகொள்ளும் இந்தப் பழக்கத்திலேதான் அவர் வளர்ந்தார்.

1922-ஆம் ஆண்டில் அவர் தம் உறவினரான அ. சண்முக நாடாருடன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது பதினேழு. மொழி தெரியாத ஊர், உணவு வேறு, வழியும் நெடிது. அங்கே ஜப்பானியர் கொண்டுவந்த தீப்பெட்டித் தொழிலை வங்காளியரும் கற்று நடத்திக்கொண்டிருந்தனர். இளைஞர் இருவரும் மாதக்கணக்கில் தங்கி, மருந்து கலக்கும் அளவும் குச்சியை முக்கும் பக்குவமும் கற்றனர். அதே 1922-இல் அரசு தன் வருவாயைப் பெருக்குவதற்காக இறக்குமதித் தீப்பெட்டிகளின் மேல் குரோஸ் ஒன்றுக்கு ஒரு ரூபாய் எட்டணா வரி விதித்தது. குரோஸ் என்பது 144 பெட்டி. எனவே பெட்டி ஒன்றுக்கு இரண்டு தம்பிடி. உள்நாட்டுத் தொழிலை வளர்ப்பது அந்த வரியின் நோக்கமன்று. ஆனால் அயல்நாட்டுப் பெட்டியின் விலை ஏறியதால் உள்நாட்டுப் பெட்டிக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. அந்த இடைவெளியைக் கண்டுகொண்ட கூர்மையே இவர்களின் முதல் மூலதனம்.

1923-இல் சிவகாசியில் தொழில் தொடங்கியது. ஜெர்மனியிலிருந்து இயந்திரங்கள் வந்தன. ஆனால் இயந்திரம் எதிர்பார்த்த ஊதியத்தைத் தரவில்லை. எட்டயபுரத்து ஆலையின் முடிவு இங்கும் நேர்ந்திருக்கக்கூடும். நேராமல் காத்தது ஒரு துணிவான முடிவு: அவர்கள் இயந்திரத்தைக் கைவிட்டுக் கைக்குத் திரும்பினார்கள். முன்னேற்றம் என்றாலே கையிலிருந்து இயந்திரத்துக்குப் போவது என்று எல்லாரும் நம்பிய நாளில், அவர்கள் எதிர்த்திசையில் நடந்தார்கள். வானம் பொய்த்த நிலத்தில் வேலையற்றிருந்த மக்களும், மருந்திட்ட குச்சியை விரைந்து உலர்த்தும் வறண்ட காற்றும் அங்கே தாராளமாக இருந்தன. ஊரின் குறையென்று எண்ணப்பட்டவையே தொழிலின் முதலாயின.

கைத்தொழிலின் நடைமுறையை அறியாதவர்க்கு ஒரு சொல். மட்டி, இலவம் போன்ற மென்மரத்தைச் சீவிக் குச்சியாகவும் சில்லாகவும் வெட்டுவர். குச்சிகளை ஒன்றையொன்று தொடாதபடி சட்டங்களில் வரிசையாகச் செருகுவதற்குக் கட்டை அடுக்குதல் என்று பெயர். சட்டத்தில் நிற்கும் குச்சிகளின் நுனியை முதலில் மெழுகில் தோய்ப்பர்; பிறகு மருந்தில் முக்குவர். மெழுகு தீயை நுனியிலிருந்து மரத்துக்குக் கொண்டுசெல்லும். மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் கண்ணாடித் தூளும் வச்சிரமும் கலந்திருக்கும். மேல்பெட்டியும் அடிப்பெட்டியும் வீடுகளில் ஒட்டப்படும். பின் பெட்டியை நிரப்புதல், பக்கவாட்டில் செம்பாஸ்பரஸ் பூசுதல், லேபிள் ஒட்டுதல், பண்டல் கட்டுதல். இத்தனை கைகள் மாறி வந்த குச்சி, நம் விரலிடையே சில நொடி எரிந்து அணைகின்றது.

அவர்களுக்கு எதிரே நின்ற பகைவர் எளியவர் அல்லர். சுவீடன் நாட்டு ஐவார் குரூகர் உலகத் தீப்பெட்டித் தொழிலின் பெரும்பகுதியைத் தம் பிடிக்குள் கொண்டுவந்தவர். போரால் நலிந்த அரசுகளுக்குக் கோடிக்கணக்கில் கடன் கொடுத்து, அதற்கு ஈடாக அந்நாட்டில் தீப்பெட்டி விற்கும் தனியுரிமையைப் பெறுவது அவர் வழி. போலந்து முதல் ஜெர்மனி வரை அவர் கடன் பெற்றன. அவருடைய நிறுவனம் இந்தியாவில் விம்கோ என்னும் கிளையைத் தொடங்கியதும் 1923-ஆம் ஆண்டில்தான். சென்னைத் திருவொற்றியூரிலும் அதன் ஆலை எழுந்தது. ஒருபுறம் உலகை வளைத்த செல்வம். மறுபுறம் கரிசல் வெயிலில் குச்சி உலர்த்தும் கைகள். 1932 மார்ச் 12-ஆம் நாள் குரூகர் பாரிசில் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். அவர் கணக்கேடுகளில் இல்லாத சொத்துகளும் பொய்யாக அச்சிட்ட இத்தாலியப் பத்திரங்களும் இருந்தமை பின்னர் வெளிப்பட்டது. விம்கோ அதன் பின்னும் வலிமையோடு இயங்கியது. அதனோடு போட்டியிட்டே சிவகாசி வளர்ந்தது.

அடுத்த இடர் அரசிடமிருந்து வந்தது. 1930-இல் தண்டியிலும் வேதாரணியத்திலும் மக்கள் உப்பு வரியை எதிர்த்து நின்றதை உப்பளத்து ஊராராகிய நாம் நன்கறிவோம். நான்கே ஆண்டுகளில், 1934-இல், இந்தியாவில் செய்யும் தீப்பெட்டிக்கும் உற்பத்தி வரி வந்தது. உப்பு வரி 1947-இல் ஒழிந்தது; தீப்பெட்டி வரி ஒழியவில்லை. விடுதலைக்குப் பின்னர், கையால் செய்வோர்க்குப் பேராலையைவிடக் குறைந்த வரி என்னும் வேறுபாடு சிறுதொழிலைத் தாங்கி நின்றது.

உறவினர் இருவரும் சில ஆண்டுகளில் தனித்தனியே தொழில் நடத்தலாயினர். அணிலும் காக்கையும் தீப்பெட்டிகளின் மேல் ஏறி ஊர் ஊராகச் சென்றன. எழுத்தறியாத மக்கள் படத்தைச் சொல்லியே பெட்டி கேட்டனர். ஆதலின் படம் பளிச்சென்று இருக்க வேண்டியிருந்தது. அத்தேவையே லேபிள் அச்சிடும் கல்லச்சுத் தொழிலைச் சிவகாசிக்குக் கொணர்ந்தது. பின்னாளில் நாட்காட்டிகளும் வாழ்த்து அட்டைகளும் அங்கிருந்தே நாடெங்கும் பரவின. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெளிநாட்டுப் பட்டாசு வரவு நின்றபோது, 1940-களில் பட்டாசுத் தொழிலும் அங்கே முறையாக வேர்கொண்டது. தீப்பெட்டி, அச்சு, பட்டாசு என ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்த இம்மூன்றினாலும் சிவகாசி குட்டி ஜப்பான் என்னும் பெயரைப் பெற்றது. கற்ற வித்தையைப் பூட்டி வைக்காமல் ஊரெங்கும் பரவ விட்டமையே இதற்கு அடிப்படை. தொழில் சாத்தூர், கோவில்பட்டி, குடியாத்தம் வரை சென்றது. உலகையே தனியுரிமையாக்க முயன்றவர் வீழ்ந்தார். பலரும் செய்யுமாறு விட்ட தொழில் நின்றது.

அய்ய நாடார் சிவகாசி நகராட்சித் தலைவராகவும் பணியாற்றினார். 1963-இல் அவர் நிறுவிய கல்லூரி அவர் பெயரையும் அவர் துணைவியார் பெயரையும் இணைத்து அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி என வழங்குகின்றது. பதினேழு வயதில் தொழில் கற்க வடகோடி சென்ற ஒருவர், தம் ஊர்ப் பிள்ளைகள் கல்விக்காக ஊரைவிட்டுப் போகத் தேவையில்லாமல் செய்தார். 1982-இல் அவர் மறைந்தார்.

இவ்வளவோடு நிறுத்தினால் இது வாழ்த்துப்பா ஆகும், வரலாறு ஆகாது. கைத்தொழிலின் பெருமையைப் பேசும்போது அக்கைகள் யாருடையவை என்று கேட்க வேண்டும். கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறுவிரல்கள் ஏற்றவை என்னும் சாக்கில், அந்த வட்டாரமெங்கும் பல்லாயிரம் சிறுவர் சிறுமியர், பெரும்பாலும் சிறுமியர், விடியும் முன்பே பேருந்தில் ஏற்றப்பட்டுத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். கரிசல் எழுத்தாளர் பூமணி இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’ திரைப்படம் அத்துயரத்தைக் கண்முன் நிறுத்தியது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. சிவகாசியை முன்வைத்து எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இலும் 1996-இலும் தீர்ப்புகள் வழங்கியது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் இருபதாயிரம் ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், அப்பணம் குழந்தைகளின் நலனுக்கான நிதியாக வேண்டும் என்றும் 1996 தீர்ப்பு கூறியது. அதன்பின் நிலைமை பெரிதும் மாறியது.

இப்பழி தனியொருவர் தலையில் ஏற்றத் தக்கதன்று. ஒரு வட்டாரத்தின் வறுமையும், மலிவாக வாங்க விரும்பிய நாட்டின் ஆசையும் சேர்ந்து விளைத்தது. மலிவான பெட்டியை வாங்கிய நாமும் அதில் பங்காளிகளே. ஆயினும் ஒரு தொழிலின் முன்னோடியை எழுதும்போது இதை மறைப்பது அறமாகாது. இயந்திரத்தை விட்டுக் கைக்குத் திரும்பிய அந்த ஒரு முடிவே வறண்ட நிலத்து மக்களுக்குச் சோறிட்டது. அதே முடிவே பிற்காலத்தில் குழந்தைகளின் விரல்களையும் வேலைக்கு இழுத்தது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவர் அவ்வாழ்வைப் பாதியாகவே சொல்கின்றார்.

இன்று தொழில் தளர்ந்து நிற்கின்றது. பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாயிலேயே நின்ற பெட்டியின் விலை 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாயிற்று. ஒருமுறை எரித்து எறியும் நெகிழி லைட்டர்களின் வரவால் நலிந்த தொழிலைக் காக்க, இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை நடுவணரசு 2023-இல் தடை செய்தது. 1922-இல் ஓர் இறக்குமதி வரியின் நிழலில் முளைத்த தொழில், நூறாண்டு கழித்து ஓர் இறக்குமதித் தடையின் நிழலை நாட நேர்ந்திருக்கின்றது.

ஔவையார் கண்ட ஞெலிகோல் வீரனுக்கு உவமையாயிற்று. பாரதியார் ஓர் அக்கினிக் குஞ்சைக் காட்டின் மரப்பொந்தில் வைத்துப் பாடினார். அவர் மறைந்த அடுத்த ஆண்டில்தான் இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு வண்டியேறினர். தீயைப் பாடியவர்களுக்கு நம் இலக்கிய வரலாற்றில் இடம் இருக்கின்றது. தீயைச் செய்து வீடுதோறும் சேர்த்தவர்களுக்கும், அதைச் செய்து விரல் தேய்ந்தவர்களுக்கும் இன்னும் இடம் அளிக்கப்படவில்லை. உப்பளப் பாத்தியில் கால் வெடிக்க நிற்பவரும் தீப்பெட்டிக் கட்டையில் கண் பழுக்க அடுக்குபவரும் ஒரே வெயிலின் கீழ் உழைப்பவர்கள். பத்தாண்டு கண்ட நம் வட்டம் அடுத்த பத்தாண்டில் அவர்களைப் பாட வேண்டும் என்பதே, அய்ய நாடாரின் வாழ்வை எண்ணிப் பார்க்கையில் எனக்கு எழும் விருப்பம்.